இரவு விடுதிக்குப் போகும் நம் பிள்ளைகள்



2025 டிசம்பர் 7, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. ஊரப்பாக்கத்தில் இரண்டாம் திருப்பலியை முடித்துவிட்டுத் திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பங்கைச் சேர்ந்த ஒரு தாய் அறை வாசலில் வந்து நின்றார். கையில் செல்போன். முகம் வெளிறிப்போயிருந்தது.

"சாமி, தம்பி கோவாவுக்குப் போயிருக்கான். சவேரியார் கல்லறையைப் பாக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனான். டிவியில கோவான்னு என்னமோ காட்டுறாங்க. போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது."

நானும் காலையில் செய்தியைப் பார்த்திருந்தேன். கோவாவின் அர்போராவில் ஓர் இரவு விடுதியில் நள்ளிரவுக்குச் சற்று முன் தீப்பிடித்து 25 பேர் இறந்துபோயிருந்தார்கள். அந்தத் தாயை உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்டேன். எந்த ஊரில் தங்கியிருக்கிறான்? தெரியாது. எந்த லாட்ஜ்? தெரியாது. கூடப் போனவர்கள் யார்? "ஆபீஸ் பசங்க சாமி." அவர்களில் ஒருவருடைய நம்பராவது? இல்லை. ராத்திரி எங்கே போவதாகச் சொன்னான்? அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அழ ஆரம்பித்துவிட்டார்.

பதினொன்றரை மணிக்குத்தான் பையனே கூப்பிட்டான். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அறையில் தூங்கிக்கொண்டிருந்தானாம். முந்தின இரவு அவனும் ஓர் இரவு விடுதிக்குத்தான் போயிருந்தான். ஆனால் அது வேறு விடுதி. அந்த ஒன்றரை மணி நேரம் நானும் அந்தத் தாயும் கெபி முன்னால் உட்கார்ந்திருந்தோம். செபமாலை சொன்னோம் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை பத்துமணி சொன்னோம் என்று இருவருக்கும் நினைவில்லை.

ஒரு குரு இரவு விடுதியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். நம் தலைமுறைக்குக் 'கிளப்' என்றால் பழைய சினிமாவில் வில்லன் உட்கார்ந்திருக்கும் இடம். இன்று அப்படியில்லை. நம் ஊரிலிருந்து மகிந்திரா சிட்டிக்கும் ஒரகடத்துக்கும் சிறுசேரிக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது அலுவலக நண்பர்களோடு போகும் 'அவுட்டிங்'. வார இறுதி என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட் அல்லது புதுச்சேரி. ஆண்டு முடிவில் கோவா. வண்டலூர் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் கடற்கரைக்குப் போய்விடலாம். 2019 மே மாதம் மாமல்லபுரம் அருகே பட்டிபுலத்தில் ஒரு ரிசார்ட்டில் நடந்த இரவு விருந்தில் போலீஸ் நுழைந்து 150க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்தபோது, "எங்க பையன் அங்க எப்படி?" என்றுதான் பெற்றோர் பலரும் கேட்டார்கள். நம் பிள்ளைகள் போகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

அந்தத் தம்பி ஊர் திரும்பிய வாரம் என்னைப் பார்க்க வந்தான். "திட்டமாட்டீங்கன்னா சொல்றேன் ஃபாதர்" என்றான். திட்டவில்லை. அவன் சொன்னதை அவன் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் பழைய கோவாவுக்குப் போய், போம் ஜேசு பசிலிக்காவில் புனித சவேரியாரின் பேழை முன் முழந்தாளிட்டிருக்கிறான். "அம்மாகிட்ட சொன்னது பொய் இல்ல ஃபாதர். பாதி உண்மை." 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை புனிதரின் திருவுடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தபோது நம் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் போய் வந்தார்கள். அதே கோவாதான். பசிலிக்காவிலிருந்து வடக்கே போனால் கலங்குட், பாகா, அர்போரா, அஞ்சுனா, வாகத்தோர் என்று கடற்கரை ஊர்கள்.

இரவு பத்து மணிக்கு ஐந்து பேரும் பாகா பக்கம் போயிருக்கிறார்கள். முதலில் போன இடத்தில், பெண்கள் கூட வராத ஆண்களை விடுவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஜோடிக்கு ஒரு விலை, தனி ஆணுக்கு அதைவிட அதிக விலை. இவர்களிடம் தலைக்கு 3000 ரூபாய் வாங்கிக்கொண்டு கையில் ஒரு பட்டையைக் கட்டி உள்ளே விட்டார்கள். கறுப்புத் திரை போட்ட நீண்ட நடைபாதை, அதற்கப்புறம் ஒரு கதவு, அதற்கப்புறம் இருட்டும் வண்ண விளக்கும் இயந்திரப் புகையும். நிற்க இடமில்லை. பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் தகராறு. யாரோ ஒருவன் கையிலிருந்த கிளாஸ் இன்னொருவன் மேல் கொட்டி, தள்ளுமுள்ளு ஆகி, பவுன்சர்கள் நால்வர் வந்தார்கள். தள்ளியவனை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற நம் தம்பியின் நண்பனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போனார்கள். ஒரு செருப்பு போய்விட்டது. பிறகு பில் வந்தது. அதில் கேட்காத இரண்டு பாட்டில்களும், அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜும் இருந்தன. இவர்கள் வாதாடினார்கள். அதற்கு அங்கிருந்தவர் சொன்ன பதில்: "பணம் கட்டாம யாரும் வெளிய போக முடியாது."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கே திரும்பி வருவேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் இதில்தான் ஏமாறுகிறார்கள். நுழைவுக் கட்டணத்தை 'கவர் சார்ஜ்' என்கிறார்கள். பல இடங்களில் அந்தப் பணத்துக்கு உள்ளே குடித்தோ சாப்பிட்டோ கழித்துக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டிய பணத்தைக் கழிக்காமல் வர மனசு வராதே! ஒரு கிளாஸோடு எழுந்திருக்க வேண்டியவன், "மூவாயிரம் குடுத்திருக்கோமே" என்று நான்காவதுக்குப் போகிறான். கல்யாண வீட்டில் மொய் எழுதியவர் இரண்டாம் பந்தியில் உட்கார்வது போல. பேச முடியாத இடத்தில் கையும் வாயும் சும்மா இருக்காது என்பதும் கடைக்காரருக்குத் தெரியும்.

சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அது சரிதான் என்று தீர்ப்பளித்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. நீக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் நள்ளிரவில், நாலு பவுன்சர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு சட்டம் பேசுவது புத்திசாலித்தனம் அல்ல. பில்லைப் படம் எடுத்துக்கொண்டு, பணத்தைக் கட்டிவிட்டு, மறுநாள் புகார் செய்வதே நல்லது. பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கண்ணை விட்டு மறைந்த கிளாஸை மறுபடி வாயில் வைக்காதீர்கள். குடித்துவிட்டு வாடகை ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சாலையில் காத்திருப்பது அதைவிடப் பெரிது.

தம்பிக்கு மறுநாள் மாலை வரை காதுக்குள் 'ங்ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை காது தாங்கும், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இத்தகைய இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2022 மார்ச்சில் ஒரு வரையறையும் வெளியிட்டது. அஞ்சுனா, வாகத்தோர் மக்கள் தூங்க முடியாமல் மும்பை உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு வரை போனார்கள். நம் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கி கட்டும் அன்பர்களும் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்போது கதவுக்கு வருகிறேன்.

"அந்த இடத்துல வெளிய போக வேற வழி இருந்துச்சா தம்பி?" என்று கேட்டேன். அவன் யோசித்தான். "தெரியல ஃபாதர். பாக்கவே இல்ல."

அர்போராவில் எரிந்த விடுதியின் பெயர் 'பர்ச் பை ரோமியோ லேன்'. உள்ளே நிகழ்ச்சியின்போது விட்ட வாணவேடிக்கைப் பொறி கூரையில் பற்றியது என்று அதிகாரிகள் சொன்னார்கள். மேலே தீ தெரிந்த பிறகும் கீழே பாட்டும் ஆட்டமும் நடந்துகொண்டிருப்பதை அங்கிருந்தவர்கள் எடுத்த காணொளியில் பார்த்தோம். வழி குறுகலாக இருந்ததால் தீயணைப்பு வண்டியை வாசல் வரை கொண்டுவர முடியவில்லை. பலர் தீயில் கருகவில்லை. கீழ்த்தளத்தில் புகையில் மூச்சுத் திணறியே இறந்தார்கள். உரிமையாளர்கள் சில மணி நேரத்துக்குள் தாய்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டார்கள். பிறகு அங்கே பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இது முதல் முறையா? பழைய கணக்கைப் புரட்டினால் மனம் கசக்கிறது. 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் 'கோக்கநட் குரோவ்' விடுதியில் 492 பேர் இறந்தார்கள். வாசலில் இருந்தது சுழல் கதவு. கூட்டம் நெருக்கியதும் அது சிக்கிக்கொண்டது. சில கதவுகள் பூட்டியிருந்தன. சில உள்பக்கமாகத் திறப்பவை, கூட்டத்தின் அழுத்தத்தில் திறக்க வழியே இல்லை. 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 'கிஸ்' விடுதியில் 242 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். போகவும் வரவும் ஒரே வாசல். தீப்பிடித்தது தெரியாத காவலர்கள், பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து முதலில் தடுத்தார்கள். பணம் கட்டாமல் யாரும் வெளியே போக முடியாது! பாகாவில் நம் பிள்ளைகளிடம் சொன்ன அதே வாக்கியம்தான். சாதாரண நாளில் அது பில் தகராறு. தீப்பிடித்த நாளில் அது மரணம்.

2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 'தி ஸ்டேஷன்' என்ற விடுதியில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தன. மேடையில் விட்ட மத்தாப்பு சுவரின் ஒலித்தடுப்பு நுரையில் பற்றியபோது, பலர் அதையும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து நின்றார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே இருக்க முடியாத அளவுக்குப் புகையும் வெப்பமும் பெருகிவிட்டன. பெரும்பாலோர் தாங்கள் நுழைந்த முன்வாசலுக்கே ஓடினார்கள். அங்கே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அடைத்துக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள். மனிதன் பயத்தில் தெரிந்த வழிக்குத்தான் ஓடுவான். தெரியாத வழி இல்லாத வழிதான்.

அந்த நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரிலும் கூரையிலும் ஒட்டும் மலிவான நுரை, மெத்தைக்குள் இருக்கும் பாலியூரித்தேன் வகை. பற்றினால் பெட்ரோல் போல ஓடும். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் வரும். சில மூச்சிலேயே ஆள் மயங்கிவிடுவார். 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் மாடி உணவு விடுதி எரிந்து 14 பேர் இறந்தபோது, பலருடைய உடல்கள் கழிப்பறையில்தான் கிடைத்தன; பாதுகாப்பு என்று நினைத்து அங்கே ஒதுங்கியிருக்கிறார்கள். 2026 ஜனவரி 1 அன்று, சுவிட்சர்லாந்தின் கிரான் மொன்டானா என்ற மலைச் சுற்றுலா ஊரில், மது பாட்டிலில் செருகிக் கொண்டுவந்த மத்தாப்பு தாழ்வான கூரையில் பட்டு, புத்தாண்டு கொண்டாட வந்த சுமார் 40 இளையோர் இறந்தார்கள். அர்போரா நடந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை.

நம் சென்னையிலும் 2007 டிசம்பர் 31 இரவு ஒரு நட்சத்திர ஓட்டலில் நீச்சல் குளத்தின் மேல் போட்டிருந்த ஆடும் மேடை சரிந்து 3 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத்தின் மேலோ பக்கத்திலோ மேடை போடக் கூடாது என்று புத்தாண்டு சமயத்தில் போலீஸ் எச்சரிப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

அந்த வாரம் வாட்ஸப்பில் எனக்கும் ஒரு செய்தி வந்தது. 'குடியும் கூத்துமாக இருந்தவர்களுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை' என்று யாரோ எழுதி, நம் மக்களே அதைப் பரப்பியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவே இல்லை. கோபுரத்தை யார் சரியாகக் கட்டாமல் விட்டார்கள் என்று நாம் கேட்கலாம். செத்தவர்களுக்குப் பாவக் கணக்கு எழுதும் வேலை நமக்கு இல்லை.

அதிலும் அர்போராவில் இறந்த 25 பேர் யார் என்று பாருங்கள். 20 பேர் அங்கே வேலை செய்தவர்கள். உத்தராகண்ட், ஜார்கண்ட், அசாம், நேபாளம் என்று எங்கிருந்தோ சம்பளத்துக்காக வந்தவர்கள். சமையலறை கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே ஆடியவர்களில் மிகப் பலர் வெளியே வந்துவிட்டார்கள். கீழே வெங்காயம் நறுக்கியவனும் பாத்திரம் கழுவியவனும் வரவில்லை. அவர்கள் ஒரு பாட்டுக்கும் ஆடவில்லை, ஒரு கிளாஸும் குடிக்கவில்லை.

நம் ஜிஎஸ்டி சாலை ஓரத்து ஓட்டல்களில் பரோட்டா போடும் பிள்ளைகளும் அதே மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்தான். ஜார்கண்டிலிருந்து வந்த மூன்று நான்கு பேர் ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வருவார்கள். மொழி தெரியாததால் பின்வரிசையில் நிற்பார்கள். அடுத்த ஞாயிறு அந்த 25 பேருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். முடிந்ததும் அவர்களில் ஒருவன் வந்து தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "எங்க கிச்சன்லயும் ஒரே கதவு ஃபாதர்." அந்தக் கடையில் நான் பல வருடமாகப் பார்சல் வாங்குகிறேன். சமையலறை எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்ததில்லை. இப்போது கடை முதலாளியிடம் பேசியிருக்கிறேன். பின்பக்கம் பக்கத்து மனைக்காரர் சுவர் எழுப்பியிருக்கிறார் என்கிறார். பேச்சு நடக்கிறது.

இதையெல்லாம் எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்றும் யோசித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சி. மண்டபம் நிறைய கூட்டம். குடில் முழுக்க வைக்கோலும் தெர்மோகோலும், அதன் மேல் சீரியல் விளக்கு. பையன்கள் இடையில் எழுந்து வெளியே போய்விடக் கூடாது என்று பக்கக் கதவை நான்தான் பூட்டினேன். சாவி என் அங்கிப் பையில். நடுவில் ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுக்க அழைப்பு வர, சாவியோடு போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து சீரியல் விளக்கில் பொறி பறந்து தெர்மோகோல் புகைந்திருக்கிறது. ஒரு பையன் பிளக்கைப் பிடுங்கினான், கோயில்பிள்ளை தண்ணீர் ஊற்றினார். தீ பரவவில்லை. ஆனால் புகையைப் பார்த்ததும் பெண்களும் குழந்தைகளும் பக்கக் கதவுக்கு ஓடி, பூட்டைத் தட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் கல்யாண மண்டபக் கீற்றுப் பந்தலில் தீப்பற்றி மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அங்கே மதுவும் இல்லை, ஆட்டமும் இல்லை. கூரையும் அடைபட்ட வழியும் தாலி கட்டும் இடத்துக்கும் ஒன்றுதான், டிஸ்கோ விளக்குக்கும் ஒன்றுதான். ஆகவே பங்குப் பேரவையில் இதை வைத்தோம்: நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் மண்டபத்தின் இரு கதவுகளும் திறந்திருக்கும், பக்கக் கதவின் முன் நாற்காலி அடுக்கக் கூடாது, குடிலுக்குப் பக்கத்தில் இரண்டு வாளி மணல். ஒருவர், "திருடன் வந்தா?" என்று கேட்டார். மைக் செட்டைத்தானே எடுத்துப் போவான், போகட்டும் என்றேன்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் அங்கே போவது எனக்கும் பிடித்தமில்லை. குடி எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்பதை ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் உட்கார்ந்து கேட்பவன் நான். தமிழ்நாட்டிலும் கோவாவிலும் 21 வயது ஆகாதவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். ஆனால் "போகாதே" என்பதோடு பேச்சை முடித்துவிட்டால், பையன் போகாமல் இருப்பதில்லை, சொல்லாமல் போகிறான். சவேரியார் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அன்று காலை அந்தத் தாய்க்கு என் கேள்விகளில் ஒன்றுக்காவது சரியான பதில் தெரிந்திருந்தால், அந்த ஒன்றரை மணி நேரம் அப்படிக் கழிந்திருக்காது. வேறு மாதிரி முடிந்திருந்தால், எந்த மருத்துவமனையில் தேடுவது என்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இளையோர் கூட்டத்தில் அந்தத் தம்பியையே பேசச் சொன்னேன். வெட்கப்பட்டான், பிறகு நன்றாகவே பேசினான். எங்கே தங்குகிறோம், கூட யார், அவர்களில் ஒருவருடைய நம்பர், இவற்றை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போவது. அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் அக்காவிடம், சித்தப்பாவிடம், ஏன், ஃபாதரிடம்கூட. உள்ளே நுழைந்ததும் உட்காருவதற்கு முன் இரண்டாவது வழி எது என்று நடந்து போய்ப் பார்த்து, கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பது. இரண்டாவது வழி இல்லையென்றாலும், தாழ்ந்த கூரைக்குக் கீழே மத்தாப்பு கொளுத்தினாலும், கட்டிய 3000 போனால் போகட்டும் என்று வெளியே வந்துவிடுவது. புகை தெரிந்தால் வீடியோ எடுக்க நிற்காமல், குனிந்தபடி, அருகில் உள்ள வழியாக வெளியேறி 112க்குக் கூப்பிடுவது. கழிப்பறைக்குள் போகவே கூடாது. ஒரு பெண் எழுந்து, "இதெல்லாம் சினிமா தியேட்டருக்கும் சேத்துதானே ஃபாதர்?" என்று கேட்டது. ஆமாம், கோயிலுக்கும் சேர்த்துத்தான்.

சென்ற மாதம் அந்தத் தம்பி அலுவலக நண்பர்களோடு புதுச்சேரிக்குப் போனான். போகும் முன் வீட்டில் லாட்ஜ் பெயரையும் நண்பன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனானாம். திரும்பி வந்து என்னிடம் ஒரு புகார் சொன்னான்.

"ஃபாதர், ராத்திரி சாப்பிட உக்காந்தா அம்மா போன் பண்றாங்க. சாப்டியான்னு கேக்கல. ரெண்டாவது கதவு எங்க இருக்குன்னு கேக்குறாங்க."

"இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு ஃபாதர். முன்னாடி ஃபிரிட்ஜ் வெச்சிருந்தாங்க. சொல்லி நகத்த வெச்சோம்."